பில் மென்பொருளின் வாசல் திறப்பு யார் கையில்?

2023 டிசம்பர் 28ஆம் திகதி, வியாழக்கிழமை. கடை பூட்டும் நேரம். குருநாகலிலிருந்து நம்மிடம் வழக்கமாகச் சரக்கெடுக்கும் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "ஹாஜியார், வற் வரி ஜனவரி முதலாம் திகதிதானே கூடுது? உங்கட பில்லில இன்டைக்கே 18 போட்டிருக்கே" என்றார். நான் நம்பவில்லை. கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பகல் இரண்டு மணிக்குப் பின் போன பதினொரு பில்லிலும் 15 வீதத்துக்குப் பதிலாக 18 வீதம் விழுந்திருந்தது. இரண்டு இலட்சம் ரூபா சரக்குக்கு 30,000 ரூபா வரி வரவேண்டிய இடத்தில் 36,000 ரூபா.

மென்பொருள் கம்பனிக்கு அழைத்தேன். பேசிய இளைஞர் கெட்டிக்காரர், பொய் சொல்லாதவர். "நானா, அந்த மாற்றத்தை நான்தான் எழுதினேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஜனவரி முதலாம் திகதிக்காக முடித்து வைத்தேன். ஆனால் லைவுக்கு நான் போடவில்லை, அது தானாகப் போய்விட்டது" என்றார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது உண்மை. வேலையில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. அது இன்று போகலாம் என்று எவருமே தீர்மானிக்கவில்லை, ஆனாலும் போய்விட்டது. அந்தப் 'போய்விட்டது' எப்படி நடக்கிறது என்பதை நமது வர்த்தகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முன்பெல்லாம் பில் போடும் மென்பொருள் நமது கடைக் கணினிக்குள்ளேயே இருந்தது. ஏதாவது மாற்ற வேண்டுமானால் ஒரு தம்பி சீடியோடு வருவார். இரண்டு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏற்றிவிட்டுப் போவார். மாற்றம் வந்தது நமக்குத் தெரியும், ஏனென்றால் ஆளைக் கண்டோம். இன்று மென்பொருள் இருப்பது 'கிளவுட்' எனப்படும் வாடகைக் கணினிகளில். அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் போன்றவர்கள் அவற்றை நடத்துகிறார்கள். கம்பனிக்காரர் அங்கே ஒன்றை மாற்றினால் அடுத்த பில்லிலேயே அது விழும். ஆள் வருவதுமில்லை, தேநீருமில்லை.

எழுதிய கோட் அந்த இடத்துக்குப் போகும் பாதைக்குப் 'பைப்லைன்' என்று பெயர். துறைமுகத்தில் இறங்கிய கொள்கலன் சுங்கம், களஞ்சியம் என்று கடந்து கடைக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமர்கள் கோட்டை வைத்திருக்கும் இடம் பெரும்பாலும் 'கிட்' என்ற ஏற்பாடு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கியது. அதில் ஒவ்வொருவரும் தத்தமது 'பிராஞ்ச்'சில் வேலை செய்வார்கள். முடிந்ததும் 'மெயின்' எனும் பொதுக் கிளையில் சேர்ப்பார்கள். பைப்லைன் அதை எடுத்துக் கட்டி, சோதித்து, 'புரொடக்ஷன்' எனப்படும் நிஜ இடத்தில், அதாவது நமது பில் ஓடும் இடத்தில், ஏற்றும்.

நமது விவகாரத்தில் நடந்தது இதுதான். அந்த இளைஞர் தனது மேலாளர் பார்ப்பதற்காக மாற்றத்தை மெயின் கிளையில் சேர்த்தார். அங்கே எது வந்து விழுந்தாலும் கொண்டுபோய் ஏற்றும்படி பைப்லைனை எவரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். சோதனைகளெல்லாம் பாஸ். 18 வீதம் சரியாகக் கணக்கிடுகிறதா என்று சோதனை பார்த்ததே தவிர, இன்று என்ன திகதி என்று கேட்கவில்லை. திகதியைக் கோட்டிலேயே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். எழுதியிருக்கலாம்தான். ஆனால் எல்லா மாற்றத்துக்கும் திகதி இருப்பதில்லை. விலைப்பட்டியல், கழிவு, கடன் எல்லை என்று நாளைக்கு வேறொன்று இதே பாதையில் போகும்.

இது நமக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நைட் கெப்பிட்டல் என்றொரு பெரிய பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. 2012 ஜூலை கடைசியில் புதிய கோட் ஒன்றை எட்டு சேர்வர்களில் ஏற்றினார்கள். ஏற்றியவர் ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். எட்டிலும் ஏறியதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறை எதுவும் அங்கே இருக்கவில்லை. விடுபட்ட சேர்வரில் 2003இலேயே பாவனையை நிறுத்திய பழைய கோட் துண்டொன்று அழிக்கப்படாமல் கிடந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதி காலை சந்தை திறந்ததும் அது உயிர்த்தெழுந்து பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் கொடுத்த 212 சிறு ஓடர்களுக்காக 45 நிமிடத்தில் நாற்பது இலட்சம் கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன. நட்டம் 460 மில்லியன் டொலருக்கு மேல்.

பதற்றத்தில் அவர்கள் செய்த காரியம் இன்னும் மோசம். புதிய கோட்டில்தான் பிழை என்று நினைத்து, சரியாக ஏறியிருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் அதைக் கழற்றினார்கள். அங்கேயும் பழைய கோட் விழித்துக்கொண்டது! சந்தை திறக்குமுன்பே இதைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானாக ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. எவரும் அதன்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. 2013இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 12 மில்லியன் டொலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்துபோயிற்று.

2024 ஜூலை 19ஆம் திகதி உலகமெங்கும் விமான நிலையங்களில் கணினிகள் நீலத் திரையாகி நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் எனும் பாதுகாப்பு மென்பொருள் கம்பனி அனுப்பிய ஒரு சிறு கோப்புதான் காரணம். மைக்ரோசொப்ட்டின் கணக்குப்படி 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. அது கோட்கூட அல்ல, கோட் வாசிக்கும் தரவு. அத்தகைய கோப்புகள், கோட்டைப் போலச் சிலருக்கு முதலில், மற்றவர்களுக்குப் பின்னர் என்று படிப்படியாகப் போகாமல் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போயின. வரி வீதத்தைக் கோட்டில் எழுதாமல் அட்டவணையில் வைத்தால் ஆபத்தில்லை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். அட்டவணைக்கும் வாசல் வேண்டும்.

சரி, வாசலை எப்படிப் போடுவது? நமது கம்பனி பிறகு செய்ததைச் சொல்கிறேன். முதலாவது, மெயின் கிளைக்குள் எவரும் நேரே எதையும் போட முடியாதபடி பூட்டினார்கள். எழுதியவர் விண்ணப்பிக்க வேண்டும், வேறொருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கிட்ஹப் போன்ற இடங்களில் இது ஆயத்தமாகவே இருக்கும் வசதி. சம்மதம் வாங்கிய பிறகு கோட்டில் ஒரு வரி மாறினாலும் பழைய சம்மதம் செல்லாது என்றும் வைக்கலாம். கையெழுத்து வாங்கிய பின் பில்லில் ஒரு சாமானைக் கூட்டிப் போடுவதை எவர் ஒத்துக்கொள்வார்? அட்மின் என்ற பெயரில் முதலாளி மட்டும் இந்தப் பூட்டைத் தாண்டிப் போகும் ஓட்டை ஒன்றும் உண்டு. அதையும் அடைக்கச் சொன்னேன். முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, மெயினில் சேர்வது வேறு, லைவுக்குப் போவது வேறு என்று பிரித்தார்கள். சோதனை இடத்தில் ஏறிய பின் பைப்லைன் நின்றுவிடும். பெயர் குறிப்பிட்ட ஒருவர் பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகும். அமேசனின் பைப்லைனில் இப்படியொரு நிறுத்தம் வைத்தால், வேறு விதமாக அமைக்காத வரை, ஏழு நாளைக்குள் பதில் வராவிட்டால் அது தோல்வியாகிவிடும். கேட்பாரற்றுக் கிடந்து பிறகு ஒருநாள் திடீரென்று ஏறிவிடாது.

மூன்றாவதுதான் என் மனதுக்கு முக்கியமாகப் பட்டது. முன்வாசலுக்குக் காவல் போட்டுவிட்டுப் பின்கதவின் திறப்பை எல்லோரிடமும் கொடுத்து வைத்திருந்தால் என்ன பயன்? புரொடக்ஷனுக்குள் நுழையும் கடவுச்சொல் நான்கு புரோகிராமர்களிடம் இருந்தது. அதை மாற்றி, பைப்லைனுக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்தத் திறப்பும் மெயின் கிளையிலிருந்து வரும் வேலைக்கு மட்டுமே திறக்கும்படி கிளவுட்டிலேயே நிபந்தனை போடலாமாம். அந்த நிபந்தனையை எழுத மறந்தால் எந்தக் கிளையிலிருந்தும் திறக்குமாம். மறப்பவர்கள் நிறையப் பேர் என்று அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைய பதினொரு பில்லுக்கும் கிரெடிட் நோட் எழுதி, 15 வீதத்தில் புதிய பில் போட்டுக் கொடுத்தோம். இரண்டு வாடிக்கையாளர்கள் ஏற்கனவே காசோலை எழுதிவிட்டார்கள். மென்பொருளைப் பழைய நிலைக்குத் திருப்ப மறுநாள் நண்பகலாயிற்று. அந்த மாற்றத்தோடு வேறு இரண்டு மாற்றங்களும் கலந்து ஏறியிருந்ததே காரணம். இப்போது ஒவ்வொரு பதிப்பையும் இலக்கமிட்டுத் தனியே வைக்கிறார்கள், திரும்புவதற்குச் சில நிமிடம் போதும்.

புதிய ஏற்பாட்டிலும் கரைச்சல் இல்லாமலில்லை. பொத்தானை அழுத்தும் உரிமை முதலில் முதலாளி ஒருவரிடம்தான் இருந்தது. அவர் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தபோது, பில் அச்சாகாமல் போன ஒரு கோளாறுக்கான திருத்தம் ஆயத்தமாகியும் ஒன்றரை நாள் வாசலிலேயே நின்றது. கையால் பில் எழுதினோம். அதன்பின் இன்னொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தானே அனுமதிக்க முடியாது என்ற நிபந்தனை இருவருக்கும் உண்டு.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பில், வரி, விலை தொடர்பான எந்த மாற்றமும் ஏறுமுன் நமக்கு ஒரு மின்னஞ்சல் வரவேண்டும். இப்போது வருகிறது. கணக்கப்பிள்ளை அதை வாசித்துவிட்டுத்தான் 'சரி' என்று பதில் போடுவார். போன மாதம் ஒன்றுக்கு அவர் 'பொறுங்கள்' என்று எழுதினார். மாதக் கடைசியில் கணக்கு மூடும் நாளில் அதை ஏற்றப் பார்த்தார்களாம்.