கார்பன் சாப்ட் போட்டால் கார் பறக்குமா?

வீரமுனை வயலிலிருந்து சம்மாந்துறை நெல் ஆலைக்கு மூட்டை ஏற்றிப் போகும் பட்டா லொறியின் அடியில் குனிந்து பாருங்கள். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சு வரை ஓர் உருக்குக் குழாய் ஓடும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஸ்போர்ட்ஸ் காரின் அடியிலும் அதே வேலையைச் செய்யும் ஒரு குழாய் இருக்கிறது. கையால் கியர் மாற்றும் வகையில் அது கார்பன் இழையால் ஆனது. புரொப்பெல்லர் சாப்ட் என்ற பெயர் இரண்டுக்கும் பொது. என்ஜின் முன்னால் இருந்து பின்சில்லை ஓட்டும் வாகனம் எதுவும் இதில்லாமல் நகராது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் கையிலிருக்கும் வண்டியைத்தான் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. தேய்ந்த சாப்டை லேத்தில் கொடுத்து வெட்டி ஒட்டுவது ஒரு பக்கம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஆசை வேறு பக்கம் போகிறது: பழைய உருக்குச் சாப்டைக் கழற்றிவிட்டு, அளவு கொடுத்துச் செய்வித்த அலுமினியச் சாப்டோ கார்பன் சாப்டோ போட்டால் குதிரைவலு கூடும் என்று நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

8 கிலோ உருக்குச் சாப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுழலும் பொருளை வேகப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பது அதன் திணிவோடு ஆரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. சாப்டின் ஆரமோ 37 மில்லிமீட்டர்தான். சில்லு ஒரு தடவை சுற்ற அது நான்கு தடவை சுற்றுகிறது என்று வைத்தாலும், அந்தச் சுழற்சி காரில் கூடுதலாக 2 கிலோ ஏற்றியதற்குத்தான் சமம். சாப்டின் திணிவைப் பாதியாக்கினால் 4 கிலோ நேரடியாகக் குறையும், சுழற்சியில் 1 கிலோ மிச்சம். 1,300 கிலோ காருக்கு மொத்தம் 5 கிலோ. ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியென்றால் மஸ்டா எதற்காகச் செலவழித்து கார்பன் போட்டது? விடை அவதி வேகத்தில் இருக்கிறது.

எந்தக் குழாயும் முழு நேராக இருப்பதில்லை. சுழலும்போது நடுப்பகுதி இம்மியளவு வெளியே தள்ளும். சுழல்வேகம் குழாயின் இயற்கை மீடிறனை எட்டும்போது பரிவு ஏற்பட்டு, சிறுமிகள் துள்ளும் கயிறுபோலக் குழாய் வளைந்து வீசும். சில விநாடிகளில் மடங்கியும் போகும். 75 மில்லிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள உருக்குக் குழாய்க்கு இந்த அவதி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்று. ஆர்எக்ஸ்-8 என்ஜின் 9,000 வரை போகும். என்ஜினும் சாப்டும் ஒரே வேகத்தில் சுழலும் கியரில் அப்படி ஒரு குழாய் தாங்காது.

நீளத்தைப் பாதியாக்கினால் அவதி வேகம் நான்கு மடங்காகும், 22,000. நீளமான வாகனங்களில் சாப்டை இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு பெயாரிங் வைப்பது இதனால்தான். அந்த இரண்டு துண்டையும் எடுத்துவிட்டு ஒற்றைத் துண்டு போட விரும்புகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

அலுமினியம் போட்டால் அவதி வேகம் உயரும் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே முக்கியம் பொருளின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டுக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். அலுமினியம் உருக்கில் மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே! ஆகவே அதே விட்டத்தில் அலுமினியம் எதையும் மாற்றாது. பாரம் கூடாமல் குழாயைப் பெருப்பிக்கலாம் என்பதுதான் அதன் நன்மை; 100 மில்லிமீட்டர் விட்டத்தில் அவதி வேகம் 7,300ஐத் தாண்டும். கார்பனில் இழைகளைப் பெரும்பாலும் நீளவாக்கில் இட்டால், அதே 75 மில்லிமீட்டரிலேயே 9,000க்கு மேல் போகலாம். ஆனால் முறுக்கலைத் தாங்க இழை 45 பாகையில் சரிந்து ஓட வேண்டும். நீளவாக்கில் எத்தனை அடுக்கு, சரிவில் எத்தனை அடுக்கு என்று பிரிப்பதில்தான் செய்பவரின் திறமை இருக்கிறது.

பிஎம்டபிள்யூ 2014இல் எம்3, எம்4 கார்களுக்குக் கார்பன் சாப்ட் போட்டது. 2017 இறுதியில் புகைக்குழாயில் துகள் வடிகட்டி வைக்க இடம் தேவைப்பட்டது. பருத்த கார்பன் குழாயைக் கைவிட்டு, ஒல்லியான உருக்குக்கே திரும்பினார்கள். காரின் அடியில் இருக்கும் இடத்தையும் கேட்டுத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இனி நம்மூர்க் கராஜுக்கு வருவோம். "அறுபதில ஒண்டுமில்ல காக்கா, எண்பதுக்கு மேல வண்டி உதறுது" என்று வந்து நிற்கும் வாகனத்தில் குழாயின் பொருள் பிரச்சினையாக இருப்பது அரிது. பெரும்பாலும் காரணம் மூட்டிலோ ஒட்டிலோ இருக்கும். ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்த்தும் உதறல் அப்படியே இருந்தால் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்டியரிங் ஆடினால் முன்சில்லைப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் பொடியாக அதிர்ந்தால் சாப்டைப் பாருங்கள்.

சாப்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜொயின்ற் 17ஆம் நூற்றாண்டில் ரொபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே மூட்டுத்தான். 10 பாகை சரிவில் அது சுழலும்போது, மறுபக்க வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை 1.5 வீதம் கூடிக் குறைகிறது. மறுமுனை மூட்டும் அதே சரிவில் இருந்து, அதன் கவை (யோக்) முதல் மூட்டின் கவைக்கு நேராக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அழிந்துவிடும். குழாயை வெட்டி ஒட்டும்போது கவை சில பாகை திரும்பிவிட்டால் அழியாது. அதிக மூட்டைக்காகப் பின் ஸ்பிரிங்கில் தகடு கூட்டினாலும், அழகுக்காகக் காரைத் தாழ்த்தினாலும் மூட்டின் சரிவு மாறி அதே நடுக்கம் வரும்.

ஒட்டில் 10 கிராம் உலோகம் ஒரு பக்கம் கூடிவிட்டால், நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அது 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சாப்டை இழுக்கும், விநாடிக்கு 83 தடவை திசை சுழன்றபடி. ஆகவே ஒட்டிய சாப்டை மெஷினில் சுழற்றிப் பேலன்ஸ் பார்க்காமல் பூட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முன்மூட்டு ஓட்டத்தில் உடைந்தால் குழாய் தெருவில் குத்திக் காரையே தூக்கிவிடக்கூடும். அதைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம் சில பந்தயங்களில் கட்டாயம். வலுவான என்ஜின் உள்ள எந்தக் காருக்கும் அதைப் போடச் சொல்வேன்.

புதுச் சாப்டுக்கு அளவெடுக்கும்போது வாகனம் தன் சில்லில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் பின் அச்சு தொங்கி நீளம் பிழைக்கும். கியர்பெட்டிக்குள் வழுக்கும் முனைக்கு உள்ளே போக இடம் விடுங்கள். 25 மில்லிமீட்டர் அளவு போதும். பழையதைக் கழற்றுமுன் பின் அச்சின் பிளாஞ்சிலும் சாப்டிலும் ஒரே நேரில் பெயின்ற் கோடு இழுத்துவைத்தால், அதையே மறுபடி பூட்ட வேண்டி வந்தாலும் பேலன்ஸ் மாறாது.