நாலு கட்டம் பச்சை, ஆனாலும் தோல்வி: வேர்டலில் நாம் சறுக்குவது எங்கே?

நாலாவது முயற்சி: லைட். ஐந்தாவது: மைட். ஆறாவது: நைட். ஒவ்வொரு முறையும் கடைசி நாலு கட்டம் பச்சை. முதல் கட்டம் மட்டும் சாம்பல். விடை ‘சைட்’. அறுபது நாள் ஸ்ட்ரீக் அவ்வளவுதான், காலி!

வேர்டல் ஆடும் எல்லாருக்கும் இந்த அனுபவம் ஒருமுறையாவது வந்திருக்கும். உடனே நாம் சொல்வது, “நமக்கு இங்கிலீஷ் வொக்காபுலரி பத்தலப்பா.” ஆனால் கவனியுங்கள். லைட், மைட், நைட், சைட் எல்லாமே நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். அப்படியென்றால் சறுக்கியது எங்கே? குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள சொற்களைத் தேடும் முறையில்.

(ஒரு சின்னக் குறிப்பு: இந்தக் கட்டுரையில் ‘டி’ என்று வந்தால் அது டைகரின் டி. டாக்கின் டி அல்ல.)

விடை எல்லாம் தெரிந்த சொல்தான்

வேர்டலை உருவாக்கியவர் ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர். வார்த்தை விளையாட்டுகளை விரும்பும் தன் இணையர் பலக் ஷாவுக்காக இதைச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 உண்டு. அதில் பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. பலக் ஷா அந்தப் பட்டியலை அலசி, பழக்கமான சொற்களை மட்டும் பிரித்தெடுத்தார். அப்படி விடைப் பட்டியலுக்கு வந்தவை சுமார் 2,300. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்த விளையாட்டை வாங்கியது.

ஆக, விடை அகராதியின் மூலையில் ஒளிந்திருக்கும் சொல் அல்ல. பெரும்பாலும் நாம் ஆபீஸ் மெயிலில் பார்க்கும் சொல்தான். தேவை, அதை நினைவிலிருந்து வெளியே இழுக்கும் வழி.

எல்லா எழுத்தும் சமம் இல்லை

ஆங்கில எழுத்துகளில் சில ஓவர்டைம் பார்க்கும், சில சும்மா உட்கார்ந்திருக்கும். இது தந்தி காலத்திலேயே தெரிந்த விஷயம். மோர்ஸ் குறியீட்டில் ‘இ’ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. ‘டி’க்கு ஒரே ஒரு கோடு. ‘க்யூ’வுக்கோ மூன்று கோடும் ஒரு புள்ளியும். அடிக்கடி வரும் எழுத்தைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்பதே கணக்கு.

1930-களில், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஒரு விளையாட்டை வடிவமைத்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களில் எண்ணிப் பார்த்தார். அதில் நியூயார்க் டைம்ஸ் பக்கமும் உண்டு. அந்த விளையாட்டுதான் ஸ்க்ராபிள். அதன் 100 வில்லைகளில் ‘இ’ மட்டும் 12. மதிப்பு 1 புள்ளி. ‘க்யூ’வும் ‘இசட்’டும் தலா ஒன்று, மதிப்பு 10 புள்ளி.

பேப்பரில் ஒரு கணக்கு, பட்டியலில் வேறு கணக்கு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒரு செய்தியை எடுத்து எழுத்துகளை எண்ணினால் ‘எச்’ நன்றாகவே மேலே வரும். காரணம் தி, தட், திஸ், ஹி, ஹேவ் போன்ற சொற்கள் வரிக்கு வரி வருவது. ஆனால் சொற்பட்டியலில் ‘தி’ ஒரே ஒரு முறைதான் இருக்கும். அங்கே ‘எச்’ கீழே இறங்கிவிடும். ‘ஆர்’, ‘எல்’ மேலே ஏறிவிடும். வேர்டல் விடைகளில் அதிகம் வருபவை இ, ஏ, ஆர், ஓ, டி, எல், ஐ, எஸ், என், சி.

சரி, அப்போ முதல் வார்த்தை எது? ‘அடியூ’ நிறைய பேரின் ஃபேவரிட். ஒரே சொல்லில் நாலு உயிரெழுத்து! ஆனால் அது அவ்வளவு லாபம் தராது. ‘ஏ’ இருக்கிறது, ‘இ’ இருக்கிறது என்று தெரிந்தாலும் நூற்றுக்கணக்கான சொற்கள் மிஞ்சும். சொல்லின் எலும்புக்கூடு மெய்யெழுத்துகள்தான். சி, ஆர், என் மூன்றும் உண்டு என்று தெரிந்தால் கிரேன், க்ரோன் என்று வார்த்தை தானாக வர ஆரம்பிக்கும். அதனால் ஸ்லேட், கிரேன் மாதிரி இரண்டு உயிர், மூன்று மெய் உள்ள சொற்கள் நல்ல தொடக்கம்.

பொறியில் இருந்து தப்புவது எப்படி?

மறுபடி அந்த நாலு பச்சைக் கட்டத்துக்கு வருவோம். மூன்றாவது முயற்சியில் ‘ரைட்’ போட்டீர்கள். ஐ-ஜி-எச்-டி பச்சை, ‘ஆர்’ இல்லை. மோசமான நிலையில், ஏழு சொற்கள் மிச்சம் இருக்கலாம்: எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், சைட், டைட். கையில் மூன்று முயற்சி.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏழில் மூன்று வாய்ப்பு. பாதிகூட இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள்:

* நாலாவது முயற்சி: ஃபிலிம்ஸ் (எஃப்-ஐ-எல்-எம்-எஸ்). இது விடை ஆகவே முடியாது. தெரிந்துதான் போடுகிறோம். எஃப், எல், எம், எஸ் நாலையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். எந்த எழுத்துக்கு நிறம் வருகிறதோ அதுதான் விடையின் முதல் எழுத்து.
* எதற்கும் நிறம் வரவில்லையா? மிச்சம் எய்ட், நைட், டைட் மட்டும். ஐந்தாவது முயற்சி: ஓஷன் (ஓ-சி-இ-ஏ-என்). ‘இ’ மஞ்சள் என்றால் எய்ட். ‘என்’ மஞ்சள் என்றால் நைட். இரண்டும் இல்லையென்றால் டைட்.
* ஆறாவது முயற்சி: விடை. நிச்சயம்.

ஏழில் மூன்றாக இருந்த வாய்ப்பு ஏழுக்கு ஏழு ஆகிவிட்டது. கூடுதலாக ஒரு ஆங்கிலச் சொல்கூட நாம் கற்றுக்கொள்ளவில்லை. ‘ஜெயிக்கணும்’ என்ற அவசரத்தை ஒரு முயற்சி தள்ளிப்போட்டோம், அவ்வளவுதான்.

பேட்ச், கேட்ச், மேட்ச், வாட்ச். ஃபவுண்ட், ரவுண்ட், சவுண்ட், பவுண்ட் என்று இதே மாதிரி குடும்பங்கள் இன்னும் உண்டு. வழி ஒன்றே. ஆனால் ‘ஹார்ட் மோட்’ வைத்திருந்தால் ஃபிலிம்ஸ் வேலைக்கு ஆகாது. கிடைத்த குறிப்புகளை ஒவ்வொரு முயற்சியிலும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அதன் விதி. அங்கே நாலு பச்சைக் கட்டம் சீக்கிரம் வருவது சில சமயம் வரம் இல்லை, சாபம்.

தேடிப் பார்க்கலாமா?

குறுக்கெழுத்துக்கோ, நாக்கு நுனியில் நிற்கும் வார்த்தைக்கோ ‘ஒன்லுக்’ போன்ற அகராதித் தளங்கள் உதவும். தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். ‘சி’, மூன்று கேள்விக்குறி, ‘என்’ என்று தட்டினால் ‘சி’யில் தொடங்கி ‘என்’னில் முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள் வரிசையாக வரும். எத்தனை எழுத்து என்றே தெரியாத இடத்தில் நட்சத்திரக்குறி போடலாம். ஐடி நண்பர்கள் லாக் ஃபைலில் ‘கிரெப்’ வைத்துத் தேடுவதும் இதே கதைதான். அங்கே தெரியாத எழுத்துக்குப் புள்ளி.

வேர்டலுக்கு நடுவில் இதைத் திறப்பது சீட்டிங்கா? அது உங்கள் மனசாட்சிக்கும் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கும் இடையில் உள்ள விஷயம். தோற்ற பிறகு திறந்து பாருங்கள். ஐந்தாவது முயற்சியில் உங்கள் முன்னால் எத்தனை சொற்கள் மிச்சம் இருந்தன, எந்த ஒரு சொல் அவற்றைப் பிரித்திருக்கும் என்று புரியும்.

நாளை காலை நாலு கட்டம் பச்சையானால் உடனே அடுத்ததைத் தட்டாதீர்கள். மிச்சம் இருக்கும் சொற்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். முயற்சிகளைவிடச் சொற்கள் அதிகமா? அப்போ இது ஃபிலிம்ஸ் போடும் நேரம்.