கடல் காற்றில் கலந்திருக்கும் வயல் புகை

மார்கழி, தை மாதங்களில் வாலாஜாபேட்டைப் பக்கம் பல காலைகளில் பாலாற்றின் மறுகரை மங்கலாகத்தான் தெரியும். பனி என்று சொல்வது வழக்கம். பனியானால் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். பதினொரு மணிக்கும் கலையாமல் வானம் வெளுத்துக் கிடந்தால், அது காற்றில் மிதக்கும் நுண்துகள். அந்தப் பருவத்தில் வீசும் வடகிழக்குக் காற்று வங்கக் கடலைக் கடந்து வருகிறது. ‘கடல் காற்று சுத்தமானது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் விவசாயிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கடல் தருவது

அலை உடையும்போது நுரைக் குமிழிகள் வெடித்து நீர்த்திவலைகள் தெறிக்கின்றன. நீர் ஆவியானபின் உப்புத்துகள் காற்றில் நிற்கிறது. இதில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும். மெக்னீசியம், கந்தகம், கால்சியம், பொட்டாசியம் சிறிதளவு இருக்கும். கடலில் வாழும் நுண்பாசிகளும் ஒரு கந்தக வாயுவை வெளியிடுகின்றன. அது காற்றில் மாறி சல்பேட் துகளாகிறது. மேகத்தில் நீர்த்துளி உருவாக இப்படிப்பட்ட துகள்கள் அவசியம். இவை இல்லாமல் மழை இல்லை.

நிலம் தருவது

நிலக்கரி, டீசல் புகையிலிருந்து சல்பேட், நைட்ரேட். விறகு, வைக்கோல், தோகை எரிப்பதிலிருந்து கரித்துகள். வறண்ட நிலத்திலிருந்து மண்தூசி. இவை காற்றோடு கடலுக்குப் போகின்றன. உப்புத்துகள் கனமானது, பெரும்பாலும் ஓரிரு நாளில் விழுந்துவிடும். புகைத்துகள் மிக நுண்ணியது. மழை பெய்து கழுவாவிட்டால் ஒரு வாரம் வரை மிதந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலில் பன்னாட்டு விஞ்ஞானிகள் ‘இண்டோயெக்ஸ்’ என்ற பெரிய ஆய்வை நடத்தினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ.ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினர். நடுக்கடலில் மிதந்த நுண்துகளில் ஏறக்குறைய முக்கால் பங்கும் அதற்கு மேலும் மனிதச் செயலால் வந்தது என்று தெரிந்தது. கடல் மேல் விழும் வெயில் 10 சதவீதம் வரை குறைந்தது.

2008 டிசம்பர் கடைசியிலிருந்து 2009 ஜனவரி வரை ‘சாகர் கன்யா’ ஆய்வுக் கப்பல் வங்கக் கடலில் சென்று காற்றை வடிகட்டி எடுத்தது. வடபகுதியில், கங்கைச் சமவெளியிலிருந்து வரும் நுண்துகளில் சல்பேட்டும் அம்மோனியமும் மிகுந்திருந்தன. கூடவே பொட்டாசியம். கடல் உப்பில் பொட்டாசியம் குறிப்பிட்ட விகிதத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் இருந்தால் எங்கோ பயிர்க்கழிவோ விறகோ எரிந்திருக்கிறது என்று பொருள்.

அம்மோனியத்திலும் விவசாயத்துக்குப் பங்கு உண்டு. மேலாகத் தூவிய யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணம், கோமியத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா, காற்றிலுள்ள கந்தக அமிலத்தோடு சேர்ந்து துகளாகிறது. ஆக, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஒரு பங்கு கடலுக்குப் போகிறது.

பயிருக்கு என்ன?

வெயில் குறைந்தால் இலை உணவு தயாரிப்பது குறையும். கரித்துகள் இலையில் படிந்தால் இன்னும் குறையும். நுண்துகள் அளவுக்கு மீறினால் மேகநீர் மிகச் சிறு துளிகளாகப் பிரிந்து, மழைத்துளியாகத் திரள்வது தடைப்படும். இந்தப் பழுப்பு மூட்டம் இந்தியாவின் நெல் விளைச்சல் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது என்று 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது.

செய்யக்கூடியவை

* ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து உண்டு. எரித்தால் அநேகமாக முழுவதும் போய்விடும். மாட்டுக்குப் போக மிஞ்சியதை மடக்கி உழலாம்.
* கரும்புத் தோகையைப் பார்களுக்கு இடையே மூடாக்காகப் போடலாம். மட்கவைக்க, டன்னுக்கு 2 கிலோ வீதம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரைக் கரைத்துத் தெளித்து, ஈரம் குறையாமல் கிளறிவிட வேண்டும்.
* யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் வீணாவது குறையும்.

வாசகர் கேள்வி

*எங்கள் கிணற்று நீர் வருடா வருடம் உப்புக் கரிக்கிறது. கடல் காற்றில் வரும் உப்புதான் காரணமா?*
– வாலாஜாபேட்டை வட்ட வாசகர்

இல்லை. கடற்கரையிலிருந்து வாலாஜாபேட்டை சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உப்புத்துகளில் பெரும்பகுதி கரையோரத்திலேயே படிந்துவிடும். இவ்வளவு தூரம் உள்ளே பெய்யும் மழைநீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் குளோரைடுதான் இருக்கும். தோல் பதனிடும் பகுதிக் கிணறுகளில் அது பல நூறு மில்லிகிராமைத் தாண்டுவதுண்டு.

பச்சைத் தோல் கெடாமலிருக்க, அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்பு போடுவார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கி, காலப்போக்கில் நிலத்தடி நீரைச் சேர்கிறது. அதுவும் கடல் உப்புதான். ஆனால் காற்றில் வரவில்லை, லாரியில் மூட்டையாக வந்தது. இதோடு, நீர்மட்டம் இறங்க இறங்கப் பாறை உப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு லிட்டர் நீரையும் ஒரு கிலோ மண்ணையும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் மூலம் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நீரின் மின்கடத்தும் திறன் 3-ஐத் தாண்டினால் நிலக்கடலை, காய்கறி வைக்க வேண்டாம். தென்னை ஓரளவு தாங்கும். ஜிப்சம் எல்லா உப்பு நிலத்துக்கும் மருந்தல்ல. சோடியம் மிகுந்த களர் நிலம் என்று முடிவு வந்தால் மட்டும், அதில் சொன்ன அளவில் இடவும்.