கரண்ட் கணக்கில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

மிக்ஸியைப் போட்டால் டி.வி.யில் கோடு கோடாக விழுந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் அப்பாவைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ ஓடிக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் யாராவது சட்னி அரைக்கத் தொடங்கினால் போச்சு. கதாநாயகியின் முகத்தில் புள்ளி புள்ளியாக அம்மை போட்டுவிடும். தெருவில் ஒரு மொபெட் போனாலும் அதே கதிதான்.

அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நாய்ஸ்’. (மனுஷனை நாயாக அலைய வைப்பதால் பொருத்தமான பெயர்தான்!) தமிழில் இரைச்சல். ஆனால் காதில் விழாத இரைச்சல். மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். மொபெட்டில் ஸ்பார்க் பிளக் அதே திருப்பணியைச் செய்கிறது.

டி.வி. டிஜிட்டல் ஆனது. கோடும் போச்சு, புள்ளியும் போச்சு. இரைச்சல் போய்விட்டதா? எங்கே போகும்! எங்கள் ஊரில் ஒரு மரப் பட்டறைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊர் கூடலூர். ‘ஊட்டிப் பக்கமா?’ என்று கேட்காதீர்கள், அது வேறு. இது தேனி மாவட்டத்துக் கூடலூர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையின் பள்ளத்தாக்கு. பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கிக் கரண்ட்டாக மாறுகிற லோயர் கேம்ப் மின் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, எங்களூரில் பிறந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பாதி எலெக்ட்ரீஷியன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

என் பள்ளித் தோழன் ஒருவன் பரம்பரைத் தச்சன். நிலைக்கதவில் கஜலட்சுமி செதுக்குவதில் அவன் அப்பா கெட்டிக்காரர். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் மகன் ஒரு முடிவெடுத்தான். இரும்புச் சேனலை வெல்டிங் செய்து, மோட்டார்களையும் போர்டையும் கூரியரில் வரவழைத்து, வீட்டிலேயே ஒரு சி.என்.சி. மெஷின் கட்டிவிட்டான். மனைவியின் ஐந்து பவுன் செயின் அடகுக் கடைக்குப் போனது.

சி.என்.சி. என்றால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் சொல்கிறபடி உளி நகர்கிற இயந்திரம், அவ்வளவுதான். 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதன் கொள்ளுத் தாத்தாவை இயக்கிக் காட்டினார்கள். ஓட்டை போட்ட நாடாவைப் படித்து உலோகத்தைச் செதுக்கியது. இன்று அந்த வேலையை உள்ளங்கை அகல போர்டு செய்கிறது.

மெஷின் ஓடியது. ஊரே வந்து பார்த்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தேக்குக் கதவு ஆர்டரும் வந்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் போன்.

“மாப்ள, மெஷினுக்குப் பேய் புடிச்சிருச்சுடா!”

பேயின் லட்சணங்கள்

யானையின் தும்பிக்கை பாதி வந்ததும் மெஷின் சடாரென்று நின்றுவிடுகிறது. திரையில் ‘அலாரம் 1’. அதாவது, ‘ஓரத்தில் இருக்கிற லிமிட் சுவிட்சில் இடித்துவிட்டேன்’ என்கிறது. ஆனால் உளி நிற்பதோ பலகையின் நட்டநடுவில்! நின்ற வேகத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையும் மறந்துவிடும். மறுபடி ஓட்டினால் தும்பிக்கை ஒரு நூல் தள்ளி விழும். ஒரு தேக்குப் பலகை ஏற்கெனவே குப்பைக்குப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் என்றார் ஒருவர். ஈசானிய மூலையில் மெஷின் வைக்கலாமா என்றார் இன்னொருவர். எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது. கடைசியாக ஒருவர் வந்து, “எர்த் வயரு வழியாத்தான் எல்லாம் வருது. அதக் கழட்டி விட்ருப்பா, சரியாயிரும்” என்றார். இவனும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டான்.

எலுமிச்சம்பழத்தால் யாரும் செத்ததில்லை. எர்த் யோசனை அப்படியில்லை. வயரின் உறை எங்காவது கிழிந்து மெஷினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், கரண்ட் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸோ டிரிப் சுவிட்சோ விழும். எர்த் இல்லாவிட்டால் விழுவது நாம்தான்.

ரேடியோ அண்ணன் வருகிறார்

நல்லவேளையாக அன்று ரேடியோ அண்ணன் வந்தார். ஊரில் ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இரைச்சலோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்.

“தம்பி, மொதல்ல அந்த ஸ்குரூ டிரைவரக் கீழ வைங்க. ஒவ்வொண்ணாப் பாப்போம். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்தான் மாத்தணும். ரெண்டு மாத்துனா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்.”

முதல் சோதனை: ஸ்பிண்டிலை, அதாவது உளியைச் சுழற்றும் மோட்டாரை ஓடவிடாமல், அதே புரோகிராமை வெறும் காற்றில் ஓட்டினார்கள். இரண்டு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. வைரஸும் வாஸ்துவும் அவுட்!

இரண்டாவது: ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு, மறுபடி காற்றில். ஏழாவது நிமிஷம் அலாரம்.

மூன்றாவது: லிமிட் சுவிட்ச் வயர்களைப் போர்டிலேயே கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலோடு ஓட்டம். (இப்போது ஓரத்தில் காவல் இல்லை. அதனால் ஒரு ஆள் அவசர ஸ்டாப் பட்டன் மேலேயே கை வைத்திருந்தார்.) அலாரமே இல்லை.

ஆக, இரைச்சல் கிளம்புமிடம் ஸ்பிண்டில் பக்கம். வந்து சேருமிடம் லிமிட் சுவிட்ச் வயர். நடுவில் வழி எது?

அண்ணன் பையிலிருந்து ஒரு பழைய டிரான்ஸிஸ்டரை எடுத்தார். மீடியம் வேவில் எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்து, மெஷின் மேல் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல நகர்த்தினார். கன்ட்ரோல் பெட்டியருகே ‘உர்ர்ர்’. வயர்கள் போகிற சங்கிலிப் பாதையில் ‘கொர்ர்ர்’. ஸ்பிண்டில் அருகில் ‘கொய்ங்ங்’ என்று அலறியது.

சிரிக்காதீர்கள். கார்ல் ஜான்ஸ்கி என்ற இன்ஜினீயரும் இப்படித்தான் இரைச்சலைத் துரத்தினார். ரேடியோ டெலிபோனில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னது பெல் ஆராய்ச்சிக்கூடம். சுழலும் ஆன்டெனா ஒன்றைக் கட்டிக் கேட்டவர், இடியைக் கழித்தார், மின்னலைக் கழித்தார். மிச்சமிருந்த இரைச்சல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். ரேடியோ வானவியல் பிறந்தது! எங்கள் அண்ணன் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றடியிலேயே ஆசாமி மாட்டிக்கொண்டான்.

பி.காம். படித்தவன் புரிந்துகொண்ட விதம்

ஸ்பிண்டிலை ஓட்டுவது வி.எஃப்.டி. என்ற பெட்டி. வீட்டுக் கரண்ட்டை வாங்கி, சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, அதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. அப்போதுதான் மோட்டார் நிமிஷத்துக்கு 24,000 சுற்று வரை சுற்றும். ஒவ்வொரு வெட்டும் கண்ணிமைப்பதை விடப் பல்லாயிரம் மடங்கு வேகம். அந்த வேகத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரண்ட் மோட்டாரின் உடம்புக்குச் சிந்துகிறது.

சிந்தினது எங்கே போகும் என்று கேட்டேன்.

“கரண்ட்டுங்கறது போனா பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வரணும் தம்பி. வர்ற வழிய நீங்க போட்டுக் குடுக்கலைன்னா, அதுவா ஒரு வழி பாத்துக்கும்” என்றார் அண்ணன்.

அட, இது நம்ம டபுள் என்ட்ரி! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவைப்போமே, அதேதான். இந்த மெஷினில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் எது? லிமிட் சுவிட்ச் வயர்!

சரியான கணக்கு ஏன் திறக்கப்படவில்லை? அண்ணன் எல்லாவற்றையும் அணைத்து, வி.எஃப்.டி.க்குள் தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனை எர்த் கட்டையில், மறுமுனை ஸ்பிண்டில் உடம்பில். ‘பீப்’ வர வேண்டும். வரவில்லை. ஸ்பிண்டில் பிளக்கில் நாலாவது பின் எர்த்துக்கு என்று நம்பி இவன் வயர் கொடுத்திருந்தான். உள்ளே அந்தப் பின் எதோடும் சேரவேயில்லை. சில ஸ்பிண்டில்கள் அப்படித்தான் வரும்.

கவனித்தீர்களா? எர்த்தைக் கழற்று என்றார்கள். எர்த் போய்ச் சேராததுதான் வியாதியே! இத்தனை நாளும் அந்த ஸ்பிண்டிலை வெறும் கையால் தொட்டுக்கொண்டிருந்தவன் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துவிட்டது.

இரண்டாவது குற்றவாளி, அழகு. எல்லா வயர்களையும் சேர்த்து ஜடை பின்னியது போல ஒரே கட்டாகக் கட்டியிருந்தான். பார்க்க லட்சணம். ஆனால் ஸ்பிண்டில் கேபிளும் லிமிட் வயரும் மூன்று மீட்டர் தூரம் தோளில் கை போட்டுக்கொண்டு போனால், இவன் குணம் அவனுக்கு ஒட்டாதா?

ஜடை தப்பில்லை, ஜோடியாகப் பின்ன வேண்டும். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். போகும் வயரையும் வரும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து, ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

வீட்டில் மெஷின் கட்டுகிறவர்களுக்காக, அன்று செய்த வேலைகள்:

1. ஸ்பிண்டில் உடம்பிலிருந்து எர்த் கட்டைக்கு நேரடி வயர். ‘பீப்’ வந்த பிறகுதான் அடுத்த வேலை.

2. ஸ்பிண்டிலுக்கு உலோக வலை போர்த்திய ஷீல்டு கேபிள். வலையின் இரண்டு முனைகளும் எர்த்தில். சிந்திய கரண்ட் வந்த வழியே திரும்பிவிடும்.

3. எல்லா எர்த் வயர்களும் ஒரே செம்புப் பட்டையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. வி.எஃப்.டி. உட்காரும் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் இரும்போடு இரும்பு சேரும்.

4. லிமிட் வயர்கள் தனிப் பாதையில், ஜோடி ஜோடியாக முறுக்கி. பவர் கேபிளிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில்.

5. 5 வோல்ட் சிக்னல் பூஞ்சை உடம்பு. லிமிட் சுவிட்சுக்கு 24 வோல்ட் கொடுத்து, நடுவில் ஆப்டோகப்ளர். அது கை குலுக்காது, விளக்கடித்துச் சேதி சொல்லும். மின் இணைப்பே கிடையாது. சுவிட்சும் எப்போதும் மூடியே இருக்கும் வகை. வயர் அறுந்தாலும் தெரிந்துவிடும்.

6. டி.சி. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. அது நிற்கும்போது உதைக்கிற உதையை டயோடு வாங்கிக்கொள்ளும்.

7. அவசர ஸ்டாப் பட்டன் மோட்டார் பவரையே நேராக வெட்ட வேண்டும். போர்டிடம் மனுப் போட்டு நிற்பதாக இருக்கக் கூடாது. இரைச்சலில் போர்டே குழம்பியிருக்கும்போதுதான் அந்தப் பட்டன் தேவைப்படும்!

வரிசையாகச் செய்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். முதல் வேலையிலேயே அலாரம் ஏழு நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிப்போனது. நாலாவது முடிந்ததும் வரவேயில்லை. “அப்ப மிச்சம் எதுக்குண்ணே?” என்றான் இவன். “நின்னுபோன பல்லுவலிக்குத்தான் தம்பி வைத்தியம் பண்ணணும்” என்றார் அண்ணன்.

எல்லாம் சேர்த்துப் பெரிய செலவு ஷீல்டு கேபிள் ஒன்றுதான். புது போர்டு வாங்கப் புறப்பட்டவனுக்கு, அந்தப் பணம் இரண்டாவது தேக்குப் பலகைக்கு உதவியது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி கதவு நிலையில் ஏறியது. கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானைகள், முழுத் தும்பிக்கையோடு. செயின் இன்னும் மீளவில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆர்டருக்கு அட்வான்ஸ் வந்திருக்கிறது.

மெஷின் கட்டாதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரோ, வீட்டு இன்வெர்ட்டரோ, மாதக் கடைசியில் டேலி ஆகாத கணக்கோ, காரணமில்லாமல் எதுவும் கோளாறு பண்ணுவதில்லை. கிளம்புமிடம், போகிற வழி, சேருமிடம் மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எலுமிச்சம்பழம் கட்டுவதானாலும் ஆட்சேபணையில்லை.

ஆனால், ‘எர்த் வயரைக் கழட்டி விடுங்க சார், சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் மட்டும், ‘என் இன்ஷூரன்ஸ் பாலிசியில நீங்கதான் நாமினியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!