கண்கட்டு வித்தையில் கட்டப்படுவது யாருடைய கண்?

சென்ற ஆண்டு படிவம் ஒன்று வகுப்பில் ஒளியைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்ணுக்குள் நுழைந்தால்தான் அப்பொருளை நாம் பார்க்க முடியும் என்று கரும்பலகையில் படம் வரைந்து முடிப்பதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், நான் கண்ணைக் கட்டிக்கிட்டே படிப்பேன்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவளோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த சிலர் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அவள் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது பெற்றோர் அவளை ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பு. நடுமூளையைத் தட்டி எழுப்பும் பயிற்சி என்று அதற்குப் பெயர். எழுந்துவிட்ட நடுமூளை கண்ணின் உதவி இல்லாமலேயே படிக்குமாம், நினைவாற்றல் பெருகுமாம், தேர்வில் புள்ளிகள் கூடுமாம். தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் அம்மா, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தியிருக்கிறார்.

மறுநாள் அந்தக் கறுப்புக் கண்மூடியைக் கொண்டு வரச் சொன்னேன். கட்டிக்கொண்டாள். சீட்டின் நிறத்தைச் சொன்னாள், எண்ணைச் சொன்னாள், என் வருகைப் பதிவேட்டிலிருந்து மூன்று பெயர்களைப் படித்தாள். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு சீட்டையும் வாங்கியவுடன் அவள் நெஞ்சருகே தாழ்த்திப் பிடித்தாள், தாடையைச் சற்று உயர்த்தினாள். அடுத்த சீட்டை நானே அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு, "கீழே பிடிங்க டீச்சர்" என்றாள்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். எவ்வளவு தடித்த துணியால் கண்ணைக் கட்டினாலும், மூக்கின் இரு பக்கமும் கன்னத்தோடு சேரும் இடத்தில் ஒரு சந்து மிஞ்சும். அதன் வழியே மடியில் கிடக்கும் புத்தகத்தைப் படித்துவிடலாம். மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தை காட்டியவர்கள் மிக நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் வழி இது.

நடுமூளைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மூளைத்தண்டின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு சிறு பகுதி அது. முகத்தில் டார்ச் விளக்கை அடித்தால் கண்ணின் பாவை சுருங்குகிறதே, அந்தச் செயலின் இணைப்பு அங்கேதான் இருக்கிறது. கண்ணை மேலும் கீழும் உருட்டுவதற்கும், சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்புவதற்கும் அதன் துணை வேண்டும். டோபமின் சுரக்கும் அணுக்களின் ஒரு முக்கியக் கூட்டமும் அங்கே இருக்கிறது. அவை அழிவதால் வருவதே பார்க்கின்சன் நோய். நடுமூளை உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை மையத்தின் படியேறி வந்திருக்கவே முடியாது. உயிர் வேதியியல் கற்பித்தவரும் மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளருமான நரேந்திர நாயக் இந்தியாவில் இத்தகைய பயிற்சிகளைப் பற்றி ஊர் ஊராக எச்சரித்து வந்தவர்.

அன்று பள்ளி முடிந்ததும் அவள் அறிவியல் கூடத்துக்கு வந்தாள். நான் கேட்கும் முன்பே தாழ்ந்த குரலில் அவள் கேட்ட கேள்வி இது: "அப்போ மத்தவங்களும் மூக்கு வழியாத்தான் பார்த்தாங்களா டீச்சர்?"

மற்ற பிள்ளைகள் எல்லாரும் மூளையால் படிக்கிறார்கள், தான் மட்டும்தான் திருட்டுத்தனமாகப் பார்க்கிறோம் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா சங்கிலியை அடகு வைத்ததால் வெளியே சொல்லவும் முடியவில்லை.

அவள் செய்ததையே ஒருவர் மேடையில் செய்தால் அவரை வித்தைக்காரர் என்று பாராட்டிக் காசு கொடுக்கிறோம். மையத்தில் பாடம் நடத்தியவரை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ரகசியம் ஒன்றுதான், அந்த மூக்குச் சந்து ஒன்றுதான். அப்படியானால் ஒருவர் எதைச் செய்தால் வித்தைக்காரர் ஆகிறார்?

ரகசியம் தெரிந்தால் போதாது என்பது என் அனுபவம். நிறமில்லாத ஒரு நீர்மத்தில் இன்னொன்றின் சில துளிகளை விட்டு ரோஜா நிறமாக்கிக் காட்டுவது எனக்கு ஆண்டுதோறும் நடக்கும் வேலை. பினாப்தலினின் பெயரை மறைத்து, கையை ஆட்டி, முணுமுணுத்தும் பார்த்துவிட்டேன். "இது காரம்தானே டீச்சர்" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கொட்டாவி விட்டதோடு சரி.

பிரான்சில் 1805இல் பிறந்த ழான் யூஜின் ரொபேர் ஊதேன் கடிகாரம் செய்யும் தொழிலைக் கற்றவர். வித்தைக்காரர் என்பவர் மந்திர சக்தி உள்ளவராக வேடம் போடும் நடிகர் என்பது அவருடைய கருத்து. 1845இல் பாரிசில் சொந்த அரங்கைத் திறந்த அவரிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. குழந்தைகூட அதைத் தூக்கிவிடும். மறுகணம் பலசாலி வந்து இழுத்தாலும் அசையாது. பெட்டியின் அடியில் இரும்புத் தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம்; அவ்வளவே. மின்காந்தம் உருவாகி இருபது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு பொருளைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

இதே பெட்டி 1856இல் அல்ஜீரியாவுக்குப் போனது. அங்கே பிரெஞ்சு ஆட்சியை எதிர்க்கும்படி மக்களைத் தூண்டிய சமயத் தலைவர்களின் செல்வாக்கைக் குறைக்க அரசாங்கமே ரொபேர் ஊதேனை அனுப்பியது. பாரிசில் வெறும் 'கனமான பெட்டி'யாக இருந்தது அங்கே ஆளின் பலத்தைப் பறிக்கும் பெட்டியாக மாறியது. மேடைக்கு வந்த வலிய மனிதர் ஒருவர் இழுத்து இழுத்துத் தோற்றார். போதாததற்குக் கைப்பிடி வழியாக மின்சாரமும் பாய்ச்சப்பட்டது. அவர் அலறிக்கொண்டு ஓடினார். பின்னர் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, 'இவை கைத்திறன் மட்டுமே, மந்திரம் இல்லை' என்று மக்களுக்கு விளக்கச் செய்ததாக ரொபேர் ஊதேனே எழுதியிருக்கிறார். அந்த விளக்கம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற சந்தேகம் எனக்கு உண்டு. நவீன வித்தைக் கலையின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அந்த ஒரு மாலைக்கு மட்டும் அப்பெயர் அவருக்குப் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறுவயதில் எங்கள் ஊர் இரவுச் சந்தையில் மருந்து விற்கும் ஒருவரைப் பார்ப்பேன். கைக்குட்டையை உள்ளங்கையில் திணித்து ஊதுவார், முட்டையாகிவிடும். கூட்டம் சேர்ந்ததும் எண்ணெய்ப் புட்டிகள் வெளியே வரும். மூட்டு வலி முதல் சர்க்கரை நோய் வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான். முட்டை வரும் வரை அவர் வித்தைக்காரர். அதன் பிறகு, முட்டையை வரவழைத்த அதே கைதான் எண்ணெய்க்கும் சாட்சி சொன்னது.

திறமை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் குஸ்தாவ் கூன், மைக்கல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பழைய வித்தையைச் சோதித்தார்கள். வித்தைக்காரர் பந்தை இருமுறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும்தான், பந்து கைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவருடைய பார்வை மேலே போகிறது. பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் மேலே பார்க்காமல் தம் கையையே பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். இன்னும் வியப்பானது, கண்ணசைவைப் பதிவு செய்த கருவி காட்டிய உண்மை. பந்து மேலே போனதாகச் சொன்னவர்களின் கண்கள்கூட அந்த 'மறைந்த' இடத்துக்குப் போகவே இல்லை. நடுநடுவே அவர்கள் பார்த்தது வித்தைக்காரரின் முகத்தை. கண் ஏமாறவில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் மூளைதான் ஏமாந்தது.

ஒரு பார்வையைச் சரியான நொடியில் உயர்த்துவதற்கு எத்தனை மாதப் பயிற்சி வேண்டும் என்பது, கண்ணாடி முன் நின்று முயன்று தோற்ற எனக்குத் தெரியும்.

திறமையும் நேர்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு ஜேம்ஸ் ரேண்டியைச் சொல்லலாம். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற வித்தைக்காரர். 1973இல் ஊரி கெல்லர் என்பவர் மன ஆற்றலால் கரண்டியை வளைப்பதாகச் சொல்லி, ஜானி கார்சன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். கார்சனே இளமையில் வித்தை காட்டியவர். நிகழ்ச்சிக் குழு முன்னதாக ரேண்டியிடம் யோசனை கேட்டது. பொருள்களை நீங்களே கொண்டு வாருங்கள், கெல்லரையும் அவருடைய ஆட்களையும் முன்கூட்டி அவற்றின் அருகே விடாதீர்கள் என்றார் அவர். அன்று கெல்லரால் எதையும் செய்து காட்ட முடியவில்லை.

கரண்டி வளைக்க வழிகள் பல உண்டு. ஒன்றை மட்டும் அறிவியல் பாடமாகச் சொல்கிறேன். ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்துங்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பெருகும். பிறகு விரல் பட்டாலே முறிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். மீதி வழிகளைச் சொல்லப் போவதில்லை. மூக்குச் சந்தை நான் வெளியிட்டது, அதைப் படிப்பு என்று விற்கிறார்கள் என்பதால்தான்.

1979இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, மன ஆற்றலை ஆராய 5 லட்சம் டாலர் நன்கொடை கிடைத்தது. இயற்பியலாளர் ஒருவர் பொறுப்பேற்றார். பதின்ம வயது இளைஞர்கள் இருவர் அபூர்வ ஆற்றல் உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஸ்டீவ் ஷா, மைக்கல் எட்வர்ட்ஸ் ஆகிய அந்த இருவருமே வித்தை கற்றவர்கள், ரேண்டியோடு சேர்ந்து திட்டமிட்டு வந்தவர்கள். எண்ணிட்ட சீட்டுகளை நூலால் கட்டிய கரண்டிகளைக் கொடுத்தால், சீட்டுகளை மாற்றிவிட்டு 'வளைந்திருக்கிறது பாருங்கள்' என்பார்கள். ரேண்டியோ அந்த ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதி, எதிலெல்லாம் கவனம் வேண்டும் என்று சொல்லி, உதவவும் முன்வந்திருந்தார். இளைஞர்களுக்கு அவர் இட்ட கட்டளைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: 'நீங்கள் ஏமாற்றுகிறீர்களா என்று யாராவது கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்.'

யாரும் கேட்கவில்லை. 1983இல் ரேண்டி செய்தியாளர்களைக் கூட்டி உண்மையை வெளியிட்டார்.

அந்த ஆய்வாளர்கள் முட்டாள்கள் இல்லை. அமிலமும் அணுவும் நம்மை ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பதில்லை. அவற்றோடு பழகியவர்களுக்கு மனிதர்களைச் சந்தேகிக்கும் பயிற்சி இருப்பதில்லை. இளைஞர்களை மோசம் செய்ய அனுப்பியது சரியா என்று இன்றும் விவாதம் உண்டு. நான் அந்தக் கட்டளையை வைத்தே முடிவு செய்கிறேன். கேட்டால் சொல்வேன் என்ற ஒப்பந்தம் இருக்கும் வரை, அது வித்தை. அந்த மையத்தில் யார் கேட்டிருந்தாலும் 'ஆமாம்' என்ற பதில் வந்திருக்காது.

பட்டம் வழங்கும் சங்கங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். லண்டனில் 1905இல் தோன்றிய மேஜிக் சர்க்கிள் என்ற சங்கம் தேர்வு வைத்துத்தான் உறுப்பினராக்குகிறது. நீண்ட காலம் அங்கே பெண்களுக்கு இடமில்லை. சோஃபி லாயிட் என்ற பெண் ஆண் வேடமிட்டு, ரேமண்ட் என்ற பெயரில் 1991இல் தேர்வெழுதித் தேறினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் சங்கம் பெண்களைச் சேர்க்க முன்வந்தது. உடனே அவர் தம் வேடத்தைக் கலைத்தார். ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி நீக்கினார்கள். ஏமாற்றத் தெரிந்தவர்களின் சங்கம், நன்றாக ஏமாற்றியதற்காக ஒருவரை வெளியேற்றியது! 2025இல்தான் அழைத்து மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

என் மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "என் பிள்ளை எனக்கே பொய் சொல்லிச்சா?" என்று கேட்டார். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது வேறு ஆள் என்று சொன்னேன். மையம் இருந்த கடையில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்களாம். சங்கிலியை இன்னும் மீட்கவில்லை. இப்படி ஒரு பயிற்சியில் பிள்ளையைச் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பணம் கட்டும் முன் ஒரே ஒரு சீட்டை நீங்களே எடுத்துப் போங்கள். அதைப் பிள்ளையின் நெற்றிக்கு மேலே, உங்கள் கையாலேயே பிடியுங்கள். அல்லது அறையின் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கண்ணே தேவையில்லை என்பவர்களுக்கு இருட்டு ஒரு தடையாகாது.

இந்த ஆண்டு அவள் படிவம் இரண்டு. ஆசிரியர் தினத்தன்று மண்டப மேடையில் ஏறினாள். கண்மூடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பிசைந்த ரொட்டி மாவை இரண்டு கண்ணின் மீதும் அப்பச் சொன்னாள், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் துணி. ஒலிவாங்கியை வாங்கி, "இது வித்தை. எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது. எப்படின்னு முடிஞ்சா கண்டுபிடிங்க" என்றாள்.

கணித ஆசிரியரிடம் நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் சீட்டை அவள் நெற்றிக்கு மேலே பிடித்தார். சிவப்பு, ஏழு என்றாள். சரியாக இருந்தது.

எப்படிச் செய்தாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"சொன்னா நீங்க பேப்பர்ல எழுதிடுவீங்க டீச்சர்" என்கிறாள்.