மூளையைப் படம்பிடிக்கும் காந்தம்

மண்டையைத் திறவாமலே மூளையைக் காணுதல் மருத்துவர்களின் நெடுநாளைய வேட்கையாகும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாகத் தெரியும். அதனுள் அமைந்த மென்மையான மூளையின் கூறுகள் புலப்படா. இக்குறையைப் போக்கிய முறைகளுள் தலைசிறந்தது காந்த ஒத்ததிர்வுப் படமுறை. மக்கள் எம்.ஆர்.ஐ. என வழங்குவது இதனையே. இம்முறையின் பழைய பெயரில் 'அணுக்கரு' என்னும் சொல்லும் சேர்ந்திருந்தது. அச்சொல் கதிரியக்கத்தை நினைவூட்டி நோயாளரை அஞ்சச் செய்யுமெனக் கருதியே அது பின்னர் விடப்பட்டது. அவ்வச்சம் பொருந்துமா என்பது, கருவி இயங்கும் வகையை அறிந்தால் விளங்கும்.

நீரே ஆதாரம்

மூளையின் எடையில் பெரும்பகுதி நீராகும். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒற்றைப் புரோட்டான். அது ஒரு நுண்ணிய காந்தத்தை ஒத்தது. மருத்துவமனைகளிற் பெரிதும் வழங்கும் 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. அதனுள் நோயாளரின் தலையை வைத்தவுடன், புலத்தின் திசையை நாடி நிற்கும் புரோட்டான்கள் எதிர்த்திசையை நாடுவனவற்றினும் சற்று மிகுகின்றன. இம்மிகுதி பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 5 மட்டுமே. எனினும் நீரின் ஒரு துளியிலும் எண்ணிறந்த புரோட்டான்கள் இருத்தலின், அச்சிறு மிகுதியே போதுமானது.

ஒத்ததிர்வு

சுழலும் பம்பரம் தலையசைப்பது போலப் புரோட்டான்களும் புலத்தைச் சுற்றி அசைகின்றன. 1.5 டெஸ்லாவில் இவ்வசைவு விநாடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் முறை நிகழும். ஊஞ்சலை அதன் அசைவுக்கு இசையத் தள்ளினாலன்றி அது உயர்வதில்லை. அதுபோல இதே அதிர்வெண்ணுடைய ரேடியோ அலையைச் செலுத்தினால் மட்டுமே புரோட்டான்கள் ஆற்றலை ஏற்றுச் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் அவை மெல்லிய ரேடியோக் குறியொன்றை வெளியிட்டுப் பழைய நிலைக்கு மீள்கின்றன. மூளையின் வெண்பகுதியில் இம்மீட்சி ஏறக்குறைய ஒரு விநாடியிற் பெரும்பாலும் முடிந்துவிடும். சாம்பற் பகுதியில் சற்றுத் தாமதமாகும். மூளையைச் சூழ்ந்த நீரிலோ பல விநாடிகள் செல்லும். இக்கால வேறுபாடே படத்தில் வெளிச்சமும் இருளுமாகத் தோன்றுகிறது. கட்டியும் வீக்கமும் நீரின் நிலையை மாற்றுதலின், அவையும் வேறாகத் தெரிகின்றன.

இந்நிகழ்ச்சியை ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகியோர் தனித்தனியே 1946-இல் நீர் முதலிய பொருள்களிற் கண்டு, 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இடமறியும் வகை

குறி எவ்விடத்திலிருந்து வந்தது என்பதை அறிவது எங்ஙனம்? வீணையில் எம்மெட்டில் விரல் வைக்கப்பட்டது என்பதை ஒலியின் சுருதியே உணர்த்தும். அதுபோலக் காந்தப் புலத்தை ஒருபுறம் சற்று மிகுத்தும் மறுபுறம் குறைத்தும் அமைத்தால், இடத்துக்கேற்ப அதிர்வெண் மாறும். இவ்வுத்தியால் பால் லாட்டர்பர் 1973-இல் நீர் நிரம்பிய இரு சிறு குழாய்களின் படத்தை வெளியிட்டார். இதனை விரைவுபடுத்திய பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் அவர் 2003-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புலத்தை இவ்வாறு மாற்றும் சுருள்கள் அதிர்வதனாலேயே சோதனையின்போது பேரோசை எழுகிறது, அது பழுதன்று.

அச்சமும் எச்சரிக்கையும்

இம்முறையில் எக்ஸ் கதிரும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. உண்மையான அபாயம் காந்தத்திலேயே உள்ளது. திரவ ஹீலியத்தாற் குளிர்விக்கப்பட்ட சுருளில் மின்னோட்டம் இடையறாது ஓடுதலின், சோதனை நிகழாத வேளையிலும் காந்தம் ஓய்வதில்லை. இரும்பாலான உருளையோ நாற்காலியோ அருகே சென்றால் பாய்ந்து இழுக்கப்படும். உடலினுள் இதய முடுக்கி, காதுட் பொருத்திய கருவி, இரத்தக் குழாய்ப் பிடிப்பு, கண்ணிற் புதைந்த இரும்புத் துகள் ஆகியவற்றுள் எதுவேனும் இருப்பின், அதனை முன்னரே கூறுதல் இன்றியமையாதது. அவற்றுட் சிலவற்றுடன் தக்க முன்னேற்பாட்டின்பேரில் சோதனை செய்யலாம். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

பட்டறையிற் பணிபுரிவோர் கண்ணில் என்றோ தெறித்த துகளை மறந்திருத்தல் இயல்பு. ஆகவே களப்பணியாளரும் ஆசிரியரும் இல்லாத கதிரைப் பற்றிய அச்சத்தை அகற்றுவதோடு, மறந்த இரும்பை நினைவூட்டுதலையும் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.