ஆங்கிலம் கற்பித்தலில் கல்வி விளையாட்டுகள்

ஆங்கிலம் கற்பித்தலில் கல்வி விளையாட்டுகள் என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கு, விதிகளும் இலக்கும் கொண்ட விளையாட்டுகளின் வழியாக அம்மொழியைப் பயிற்றுவிக்கும் முறை ஆகும். வாய்மொழி விளையாட்டு, அட்டை விளையாட்டு, கட்ட விளையாட்டு, கணினி மற்றும் செல்பேசி விளையாட்டு என இவை பல வகைப்படும். ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளாமல் அல்லது பேசாமல் அடுத்த நகர்வைச் செய்ய இயலாதவாறு விதிகள் அமைந்த விளையாட்டே மொழியைக் கற்பிக்கும். பிற விளையாட்டுகள் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடும்.

தேவை

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் சந்தை, பேருந்து, அலுவலகம் ஆகிய இடங்களில் வழங்கும் மொழி தமிழ். சில குடும்பங்களில் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் ஆகியன வீட்டுமொழிகளாக உள்ளன. அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளபோதிலும், பெரும்பாலான மாணவர்கள் அதைக் காதால் கேட்டு வாயால் பேசும் வாய்ப்பு வகுப்பறையில் மட்டுமே அமைகிறது. வினாவுக்கு விடையை மனப்பாடமாக எழுதத் தெரிந்த மாணவர், அதே வினாவை ஒருவர் நேரில் கேட்டால் மறுமொழி கூறத் தயங்குவது இதன் விளைவாகும்.

இத்தயக்கத்தின் விலை மேல்நிலைக் கல்விக்குப் பின்னர் வெளிப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. எனினும் பெரும்பாலான பொறியியல் படிப்புகள் ஆங்கிலவழியிலேயே நடைபெறுகின்றன. தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர் பாடத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

தமிழ் மாணவர்களுக்கு உரிய இடர்கள்

தமிழ் எழுத்துமுறையில் 'க' என்னும் ஒரே எழுத்து வல்லொலியையும் அதன் மெலிந்த ஒலியையும் குறிக்கும். இதனால் ஆங்கிலத்தில் மேலங்கியைக் குறிக்கும் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'கோட்' என்றே எழுதப்படுகின்றன. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

சொற்றொடர் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் வரும். 'மேசையின் மேல்' என்பதில் 'மேல்' பெயர்ச்சொல்லுக்குப் பின் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே பொருள் தரும் 'ஆன்' பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கிறது. இவை விதியை அறிவதால் மட்டும் பழகிவிடுவதில்லை. பலமுறை பயன்படுத்த வேண்டும். சலிப்பின்றி ஒன்றைப் பலமுறை செய்ய வைப்பது விளையாட்டின் இயல்பு.

வரலாறு

செய்து கற்றல் என்னும் கருத்து திண்டுக்கல் வட்டாரத்திற்குப் புதிதன்று. மகாத்மா காந்தி 1937ஆம் ஆண்டில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கற்பதை வலியுறுத்தியது. அவ்வழியில் ஜி. ராமச்சந்திரனும் டி. எஸ். சௌந்திரமும் 1947ஆம் ஆண்டில் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர்.

மொழி கற்பித்தலில், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் கட்டளைகளுக்கு உடலசைவால் மறுமொழி தரும் முறையை வளர்த்தார். தென்னிந்தியாவில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். இலக்கணத்தை நேரடியாகக் கற்பிப்பதற்கு மாறாக, கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு புதிர்களை விடுவிக்கச் செய்வது இத்திட்டத்தின் அடிப்படை ஆகும். மாணவரின் கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியமைப்பு தானே படியும் என்பது அவரது கருத்து.

ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கற்றலை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் இது மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. மாணவர்கள் ஏணிப்படி அட்டையைப் பார்த்து, தத்தம் நிலைக்குரிய அட்டையை எடுத்துக் குழுக்களாகத் தரையில் அமர்ந்து பயின்றனர். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துப் பாடல், கதை, செயல்பாடுகள் வழியாகக் கற்பிக்கிறது.

சில வகைகள்

கட்டளை விளையாட்டு: ஆசிரியர் 'நில்', 'திரும்பு', 'கதவைத் தொடு' என ஆங்கிலத்தில் கூற, மாணவர்கள் அவ்வாறே செய்வர். பேசத் தயங்கும் மாணவரும் இதில் பங்கு பெறலாம். கேட்டல் திறன் முதலில் வளர்கிறது.

ஒலி விளையாட்டு: மாணவர்களிடம் ஆடு, மேலங்கி போன்ற படங்கள் கொண்ட அட்டைகள் இருக்கும். ஆசிரியர் ஒரு சொல்லை ஒலிக்க, உரிய படத்தின் மேல் புளியங்கொட்டை வைக்க வேண்டும். ஒலி வேறுபாட்டைக் கேட்டறியாதவர் வெல்ல இயலாது.

தகவல் இடைவெளி விளையாட்டு: திண்டுக்கல்லிலிருந்து நத்தம், வத்தலக்குண்டு, வேடசந்தூர் செல்லும் பேருந்துகளின் நேர அட்டவணை இருவருக்கு வழங்கப்படும். ஒருவரது அட்டவணையில் உள்ள நேரங்கள் மற்றவரது அட்டவணையில் விடுபட்டிருக்கும். தாளைக் காட்டாமல், ஆங்கிலத்தில் வினவியே கட்டங்களை நிரப்ப வேண்டும். விடை உண்மையாகவே தெரியாததால் வினா உயிர் பெறுகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் போல விற்பவர், வாங்குபவர் என நடித்து விலை பேசுவதும் இவ்வகையே.

தாயம்: இரு தாயக்கட்டைகளிலும் 0, 1, 2, 3 எனக் குறிகள் உள்ளன. வழக்கமான ஆட்டத்தில் 1 முதல் 6 வரையும், இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12ம் கிடைக்கும். விழுந்த எண்ணை ஆங்கிலத்தில் கூறினால் மட்டுமே காய் நகரும் என்பது கூடுதல் விதி. ஆயினும் 7 முதல் 11 வரையிலான எண்கள் விழுவதே இல்லை. எனவே கட்டங்களில் அவ்வெண்களை எழுதி, காய் நிற்கும் கட்டத்தின் எண்ணையும் கூறச் செய்ய வேண்டும். மரபு விளையாட்டை எடுத்தாளும் ஆசிரியர், அது எதைப் பயிற்றுவிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை முன்னரே கணக்கிடல் தேவை.

செல்பேசி விளையாட்டு: மேத்யூ காம் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய மில்லீ ஆய்வுத் திட்டம், இந்தியச் சிற்றூர்ச் சிறுவர்களுக்காக ஆங்கிலம் கற்பிக்கும் செல்பேசி விளையாட்டுகளை வடிவமைத்தது. மேலைநாட்டு நிகழ்பட விளையாட்டுகளை ஒத்த தொடக்க வடிவங்கள் சிறுவர்களுக்கு எளிதில் விளங்கவில்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஊர்ப்புற மரபு விளையாட்டுகளை ஆராய்ந்து, அவற்றின் விதிகளையொட்டிப் புதியவற்றை உருவாக்கினர்.

குறைகளும் வரம்புகளும்

அட்டைகளை மட்டும் நம்பும் வகுப்பில், ஒரு குழுவுடன் ஆசிரியர் இருக்கும்போது பிற குழுக்கள் தாமாகப் பயில்கின்றன. கணிதத்திற்கு இது பொருந்தலாம். ஆங்கில ஒலிப்பை அட்டை சொல்லித்தராது. மாணவர்கள் தமக்குள் மட்டும் உரையாடினால் ஒருவர் பிழை மற்றவரிடம் நிலைபெறும் என்ற எண்ணத்தால், பிரபு தமது திட்டத்தில் குழுப்பணியை ஊக்குவிக்கவில்லை.

வெற்றி தோல்வியை மிகைப்படுத்தினால் விரைந்து பேசும் சிலரே ஆடுவர். மற்றவர் வேடிக்கை பார்ப்பர். விளையாட்டு மும்முரத்தில் மாணவர்கள் தமிழுக்கு மாறுவதும் இயல்பு. விதிகளைத் தமிழில் தெளிவாக விளக்கிவிட்டு, ஆட்டத்துக்குத் தேவையான ஐந்தாறு ஆங்கிலத் தொடர்களை முன்னரே பழக்கினால் இது குறையும். ஆட்டம் முடிந்தபின், அதில் பயன்படுத்திய தொடர்களைச் சொல்லியும் எழுதியும் பார்ப்பது கற்றலை நிலைநிறுத்தும்.

புளியங்கொட்டை, அட்டைத்தாள், சுண்ணக்கட்டி ஆகியவையே இவற்றுள் பலவற்றுக்குப் போதுமானவை. செலவு தடையன்று. ஆசிரியர் ஆங்கிலத்தைப் பிழையஞ்சாமல் ஒலிக்கும் பயிற்சி பெற்றிருப்பதும், பாடவேளையில் இதற்கென நேரம் ஒதுக்கப்படுவதுமே இம்முறையின் பயனைத் தீர்மானிக்கின்றன.